பழைய பதிவேற்றக் கோப்புகளைத் தானாக நீக்கும் ஸ்கிரிப்டை எழுதுவது எப்படி?

பயனர்கள் கோப்புகளைப் பதிவேற்றும் எந்தச் சேவையகத்திலும், யாரும் கவனிக்காமல் விட்டால், என்றாவது ஒரு நாள் வட்டு நிரம்பிவிடும். அப்போது புதிய பதிவேற்றங்கள் மட்டும் தடைபடுவதில்லை. அதே வட்டில் தரவுத்தளம் இருந்தால் அதுவும் எழுத முடியாமல் நின்றுபோகும். என்ன நடந்தது என்று சொல்ல வேண்டிய பதிவுக்கோப்புகளும் பாதியில் அறுந்துவிடும். ஆகவே காலங்கடந்த கோப்புகளை நாள்தோறும் தானாக அகற்றும் ஒரு ஸ்கிரிப்ட் வேண்டியிருக்கிறது. லினக்ஸில் அதை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் மற்ற ஸ்கிரிப்டுகள் தவறினால் திருத்தி மீண்டும் ஓட்டலாம். இது தவறினால் ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்த கோப்பு திரும்பி வராது. அதனால்தான் நீக்கும் கட்டளையைவிட, எதைப் பழையது என்று கொள்வது, எந்த நிலையில் நீக்காமல் நின்றுவிடுவது என்ற இரண்டு கேள்விகளுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலில் அவற்றின் மூல ஆங்கில எழுத்துகளையே தட்ட வேண்டும்.

எந்தத் தேதியை நம்புவது?

லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் குறைந்தது மூன்று நேரங்களை வைத்திருக்கிறது. உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம் எம்டைம். கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம் ஏடைம். அனுமதி, உரிமையாளர், பெயர், உள்ளடக்கம் ஆகியவற்றில் எது மாறினாலும் புதுப்பிக்கப்படுவது சிடைம். சிடைம் என்பதைக் கோப்பு உருவான நேரம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. ஏடைமை நம்பி, 'யாரும் 30 நாட்களாகத் திறக்காத கோப்பு' என்று கணக்கிடுவதும் ஆபத்தானது. 2009-இல் வந்த 2.6.30 கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) முதல் ரெல்ஏடைம் என்ற முறையே இயல்பு நிலை. அதன்படி ஏடைம் ஒவ்வொரு வாசிப்பிலும் மாறுவதில்லை. முந்தைய ஏடைம், எம்டைமைவிடவோ சிடைமைவிடவோ பின்தங்கியிருந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் பழையதாக இருந்தாலோதான் மாறும். நோஏடைம் என்று வட்டு இணைக்கப்பட்டிருந்தால் வாசிப்பால் அது மாறவே மாறாது. போதாததற்கு, காப்புப்பிரதி எடுக்கும் நிரலோ வைரஸ் தேடும் நிரலோ எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை படித்துவிட்டால் எல்லாமே 'நேற்றுப் படிக்கப்பட்டது' ஆகிவிடும்.

எஞ்சியிருப்பது எம்டைம். பெரும்பாலோர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். நான் பராமரித்த ஒரு தளத்தில் பயனர்கள் சிப் கோப்பாகப் பல படங்களை ஒன்றாக அனுப்பலாம். சேவையகம் அதை அன்சிப் கட்டளையால் பிரித்து வைக்கும். ஒருவர் ஒரு மாலையில் பழைய குடும்பப் படங்களை அனுப்பினார். அன்சிப், சிப்புக்குள் பதிந்திருந்த தேதிகளையே பிரித்த கோப்புகளுக்கும் கொடுத்தது. ஆகவே சில மணி நேரத்துக்கு முன் வந்த படங்கள், கோப்பு முறைமையின் பார்வையில் பல ஆண்டுகள் பழையவையாக நின்றன. அன்றிரவே ஸ்கிரிப்ட் அவற்றை நீக்கிவிட்டது. ஸ்கிரிப்டில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. எம்டைம் என்பது உள்ளடக்கத்தின் வயது. நமக்கு வேண்டியதோ, அது நம்மிடம் வந்து எத்தனை நாளாயிற்று என்பது. கோப்புகளைக் கட்டி வைக்கும் டார், நகலெடுக்கும் ஆர்சிங்க்கின் ஏ தேர்வு (கட்டளையோடு சேர்த்துத் தரும் குறி), சிபி கட்டளையின் பி தேர்வு ஆகியவையும் இப்படியே பழைய தேதியைக் காப்பாற்றி வைக்கும். அதற்கு நேர்மாறாக, சேவையகம் மாற்றும்போது தேதியைக் காக்காமல் நகலெடுத்தால் எல்லாக் கோப்புகளும் ஒரே நாளில் புதிதாகிவிடும். அடுத்த ஒரு மாதத்துக்கு எதுவும் நீக்கப்படாது, பிறகு ஒரே இரவில் எல்லாம் நீக்கப்படும்.

எனவே தரவுத்தளம் இருக்கும் இடத்தில், பதிவேற்றிய நேரத்தை அதில் ஒரு புலமாக எழுதி, அதையே வயதுக்கு ஆதாரமாகக் கொள்வதுதான் சரியான வழி. தரவுத்தளம் இல்லாத சிறிய அமைப்புகளில், கோப்பு வந்து சேர்ந்த நாளையே கோப்புறையின் பெயராக்கி, 2025-03-14 என்பதைப் போன்ற கோப்புறைக்குள் அன்றைய கோப்புகளை வைக்கலாம். அப்போது யார் தேதியை மாற்றினாலும் கோப்புறையின் பெயர் பொய் சொல்லாது. இரண்டும் முடியாதபோது மட்டும் எம்டைமிடம் போகலாம். அப்படிப் போனால், பதிவேற்றம் முடிந்தவுடன் டச் கட்டளையால் கோப்பின் நேரத்தை அந்த நொடிக்கு மாற்றிவிடுவது நல்லது.

முதலில் பட்டியல், பிறகு நீக்கம்

இந்த வேலைக்கு உரிய கருவி, கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் கட்டளை. முதலில் கோப்புறையின் முழுப்பாதை, அடுத்து, சாதாரணக் கோப்புகள் மட்டும் என்று குறிக்கும் டைப் எஃப், அடுத்து, 30 நாளைத் தாண்டியவை என்று குறிக்கும் எம்டைம் +30, கடைசியில் பிரிண்ட். டைப், எம்டைம், பிரிண்ட் ஆகிய ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிறு கோடு வரும். இது எதையும் நீக்காது, பட்டியலை மட்டும் காட்டும். சில நாட்கள் இந்தப் பட்டியலைக் கோப்பில் எழுதவிட்டு, தினமும் கண்ணால் பாருங்கள். நீக்கக் கூடாத ஒன்று அதில் இருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

எம்டைம் +30 என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஃபைண்ட் வயதை 24 மணி நேரத் துண்டுகளாக எண்ணி, மீதியை விட்டுவிடுகிறது. 30 நாள் 20 மணி நேரமான கோப்பின் வயது அதன் கணக்கில் 30 மட்டுமே. அது 30-ஐவிடப் பெரிதன்று என்பதால் பட்டியலில் வராது. 31 நாள் முழுதாக நிறைந்த பிறகே வரும். 30 நாள் நிறைந்தவுடன் போக வேண்டுமானால் +29 என்று எழுத வேண்டும். அல்லது எம்மின் என்ற நிபந்தனையோடு நிமிடக் கணக்கில் +43200 என்று எழுதலாம்.

பட்டியல் சரியென்று உறுதியான பிறகு, பிரிண்ட் இருந்த அதே இடத்தில் டிலீட் என்று எழுத வேண்டும். அதே இடத்தில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஃபைண்ட் தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகச் சோதித்துக்கொண்டு போகும். டிலீட்டை முன்னால் எழுதிவிட்டால், வயதைப் பார்ப்பதற்கு முன்பே கொடுத்த பாதையில் உள்ள அனைத்தையும் நீக்கிவிடும். அந்தக் கட்டளையின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

நீக்கும் கட்டளையான ஆர்எம்மோடு, எல்லாக் கோப்புகளும் என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை இட்டு நீக்கும் பழக்கம் இங்கே உதவாது. கோப்புகள் பல ஆயிரமானால், பெயர்ப்பட்டியல் மிக நீளம் என்று சொல்லிக் கட்டளை நின்றுவிடும். ஃபைண்டின் வெளியீட்டை, பெயர்ப்பட்டியலை வேறொரு கட்டளைக்குத் தரும் எக்ஸ்ஆர்க்ஸுக்குக் கொடுத்து நீக்குபவர்கள், ஃபைண்டில் பிரிண்ட்0 என்றும், எக்ஸ்ஆர்க்ஸில் 0 தேர்வோடும் எழுத வேண்டும். இல்லையேல் இடைவெளி உள்ள கோப்புப் பெயர் இரண்டு பெயர்களாக உடைந்து, வேறொரு கோப்பு நீக்கப்படலாம். பயனர்கள் கோப்புக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

பதிவேற்றக் கோப்புறை ஒரு குறியீட்டு இணைப்பாக (வேறொரு இடத்தைச் சுட்டும் பெயராக) இருந்தால், ஃபைண்ட் இயல்பாக அதற்குள் போகாது. எதுவும் கிடைக்கவில்லை என்று அமைதியாக முடிந்துவிடும். பாதையின் கடைசியில் ஒரு சாய்கோடு இட்டால் போதும். எல் தேர்வைக் கொடுத்து எல்லா இணைப்புகளையும் பின்தொடர வைக்க வேண்டாம். உள்ளே கிடக்கும் ஏதோ ஒரு இணைப்பு வழியாக ஸ்கிரிப்ட் வேறு கோப்புறைக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் இந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள். பதிவேற்றக் கோப்புறையில் பயனர்களின் கோப்புகள் மட்டும் இருப்பதில்லை. அப்பாச்சி சேவையகமாக இருந்தால், அங்கே எந்த நிரலும் ஓடக் கூடாது என்று தடுக்கும் எச்டிஅக்சஸ் கோப்பு அதே இடத்தில் இருக்கக்கூடும். அது அமைக்கப்பட்டு மாதக்கணக்காகியிருக்கும். வயதை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட், முதல் இரவிலேயே அதை நீக்கிவிடும். அதன் பிறகு தளம் வழக்கம்போல ஓடும், யாருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் பாதுகாப்பு போய்விட்டது. புள்ளியில் தொடங்கும் பெயர்களையும் வெற்று இன்டெக்ஸ் கோப்புகளையும் நாட் நேம் என்ற நிபந்தனையால் விலக்கிவிட வேண்டும். இதைவிட நல்ல ஏற்பாடு, அத்தகைய கோப்புகளை ஒரு படி மேலே வைத்து, ஸ்கிரிப்டைக் கீழ்நிலைக் கோப்புறைகளில் மட்டும் வேலை செய்ய விடுவது.

எப்போது நின்றுவிட வேண்டும்?

ஒற்றை வரியை ஸ்கிரிப்டாக வளர்ப்பதற்குக் காரணமே இதுதான். சந்தேகமான எந்த நிலையிலும் நீக்காமல் நின்று, நின்றதைச் சொல்ல அதற்குத் தெரிய வேண்டும்.

முதல் ஆபத்து, வெற்றாகிப்போன மாறி, அதாவது ஸ்கிரிப்டில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர். கோப்புறையின் பாதையை ஒரு மாறியில் வைத்து, அதன் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் இட்டு நீக்கச் சொன்னால், மாறி வெற்றாக இருக்கும் நாளில், கணினியின் எல்லாக் கோப்புகளும் அடங்கிய மூலக் கோப்புறையையே நீக்கச் சொன்னதாகிவிடும். இது கற்பனையன்று. 2015 ஜனவரியில், பரவலாகப் பயன்பட்ட ஒரு விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் சரியாக இந்தப் பிழையே வெளிப்பட்டு, பயனரின் சொந்தக் கோப்புகள் அழிந்தன. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே செட் கட்டளையை யூ தேர்வோடு எழுதினால், மதிப்பிடப்படாத மாறியைத் தொட்டவுடன் அது நின்றுவிடும். ஆனால் மதிப்பிடப்பட்டும் வெற்றாக இருக்கும் மாறியை அது பிடிக்காது. மாறியின் பெயரை நெளி அடைப்புக்குள் எழுதி, அதையடுத்து முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இடும் முறையே இரண்டையும் பிடிக்கும். மாறியைச் சுற்றி எப்போதும் இரட்டை மேற்கோள் இடுங்கள்.

இரண்டாவது, வேறு இடத்தில் போய் நிற்பது. கோப்புறை மாற்றும் சிடி கட்டளை தோற்றுப்போய், ஸ்கிரிப்ட் இருந்த இடத்திலேயே நீக்கத் தொடங்குவது அடிக்கடி நடப்பது. முழுப்பாதையை மட்டுமே பயன்படுத்தினால் இது எழாது. தனி வட்டு இணைக்கப்படும் இடத்தில், அது இணைக்கப்படாத நாளும் வரும். இதற்கு ஓர் எளிய தடுப்பு, கோப்புறைக்குள் ஒரு அடையாளக் கோப்பை வைத்து, அது இருந்தால் மட்டுமே ஸ்கிரிப்ட் தொடர வேண்டும் என்று எழுதுவது. அந்த அடையாளக் கோப்பையும் விலக்குப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் 31-ஆம் நாள் ஸ்கிரிப்ட் அதையும் நீக்கிவிட்டு, மறுநாள் முதல் ஓட மறுக்கும்.

மூன்றாவது, எண்ணிக்கை வரம்பு. என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது இதுவே. நீக்குவதற்கு முன் பட்டியலை எண்ணுங்கள். வழக்கமாக ஓர் இரவில் சுமார் 200 கோப்புகள் போகும் இடத்தில், 1,000-ஐத் தாண்டினால் எதையும் தொடாமல் நின்று மின்னஞ்சல் அனுப்பு என்று எழுதுங்கள். சேவையகத்தின் கடிகாரம் தவறி எதிர்காலத்துக்குத் தாவியிருந்தாலும், யாரோ எல்லாக் கோப்புகளின் தேதியையும் மாற்றியிருந்தாலும், அமைப்பில் 30 என்பதற்குப் பதில் 3 என்று தட்டியிருந்தாலும், மூன்றுமே எண்ணிக்கை திடீரென ஏறுவதாகவே தெரியும். காரணம் தெரியாமலே விபத்தைத் தடுக்கும் வேலி அது. உண்மையிலேயே அதிகம் நீக்க வேண்டிய நாளில், மனிதர் ஒருவர் பார்த்து அனுமதிக்கட்டும்.

இவற்றோடு, முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி எஃப்லாக் என்ற கட்டளையால் பூட்டிவிடுங்கள். எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராக ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள். லினக்ஸில் ஒரு கோப்பை நீக்கத் தேவைப்படுவது அந்தக் கோப்பின் மீதான அனுமதியன்று, அது இருக்கும் கோப்புறையில் எழுதும் அனுமதி. பதிவேற்றக் கோப்புறையில் மட்டும் அந்த அனுமதி பெற்ற ஒரு தனிப் பயனரை உருவாக்கி ஓட்டினால், ஸ்கிரிப்ட் வழிதவறினாலும் சேதம் அந்தக் கோப்புறையோடு நின்றுவிடும்.

இடைக்கிடங்கு

நேரடியாக நீக்காமல், முதலில் வேறொரு கோப்புறைக்கு நகர்த்தி ஏழு நாள் வைத்திருந்து பிறகு நீக்குவதையே நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். 'என் கோப்பைக் காணோம்' என்று கேட்பவருக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் கிடைக்கிறது. இடைக்கிடங்கு அதே கோப்பு முறைமையில் இருந்தால் நகர்த்தல் என்பது பெயர் மாற்றம் மட்டுமே, நொடியில் முடியும். வேறு வட்டில் இருந்தால் முழுதாக நகலெடுக்க நேரம் பிடிக்கும். அது இணையத்திலிருந்து எட்டக்கூடிய கோப்புறைக்கு வெளியே இருக்க வேண்டும். பதிவேற்றக் கோப்புறைக்குள் இருந்த பாதையை அப்படியே காத்து நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகளில் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும்.

இங்கேயும் தேதியில் ஒரு பொறி இருக்கிறது. நகர்த்தும்போது எம்டைம் மாறாது. ஆகவே இடைக்கிடங்கில் 'எம்டைம் ஏழு நாளுக்கு மேல்' என்று தேடினால், உள்ளே வந்த ஒவ்வொன்றும் ஏற்கெனவே 30 நாள் பழையது என்பதால், அடுத்த ஓட்டத்திலேயே எல்லாம் போய்விடும். நகர்த்திய நாளின் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் நகர்த்தி, கோப்புறையின் பெயரைப் பார்த்து நீக்குவதே தெளிவான வழி. பயனர்களிடம் '30 நாளில் அழித்துவிடுவோம்' என்று உறுதி கூறியிருந்தால், 23-ஆம் நாளிலேயே இடைக்கிடங்குக்கு அனுப்ப வேண்டும். காப்புப்பிரதிகளில் உள்ள நகல்களும் அந்த உறுதியில் அடங்கும் என்பதை மறக்கக் கூடாது.

தரவுத்தளம் இருந்தால்

கோப்பை நீக்கி, தரவுத்தளத்தில் உள்ள அதன் பதிவை விட்டுவிட்டால் பயனர் உடைந்த இணைப்பைப் பார்ப்பார். பதிவை நீக்கிக் கோப்பை விட்டுவிட்டால் அது யாருக்கும் தெரியாமல் இடத்தை அடைத்துக் கிடக்கும். முதலில் பதிவில் 'நீக்கப்பட வேண்டியது' என்று குறித்து, பிறகு கோப்பை நீக்கி, கடைசியில் பதிவை 'நீக்கப்பட்டது' என்று மாற்றுவது நல்ல வரிசை. நடுவில் மின்சாரம் போனாலும், அடுத்த இரவு குறிக்கப்பட்டவற்றை மீண்டும் எடுத்துக்கொள்ளும். அப்போது கோப்பு ஏற்கெனவே இல்லையென்றால் அதைப் பிழையாகக் கருதாமல், முடிந்ததாகக் கொள்ள வேண்டும். அசல் கோப்போடு அதிலிருந்து உருவான சிறுபடங்களையும் நீக்க வேண்டும். வழக்கு, புகார் போன்ற காரணங்களுக்காகக் காக்க வேண்டியவற்றுக்கு 'நீக்காதே' என்று ஒரு புலம் இருக்கட்டும்.

பதிவே இல்லாத கோப்புகளைத் தனியாகத் தேடி நீக்கலாம். ஆனால் அவை குறைந்தது இரண்டு நாளாவது பழையவையாக இருக்க வேண்டும். பல நிரல்கள் கோப்பை முதலில் எழுதிவிட்டுப் பதிவைப் பிறகே சேர்க்கின்றன. இந்த நொடியில் பதிவில்லாத கோப்பு, பாதியில் இருக்கும் ஒருவரின் பதிவேற்றமாக இருக்கலாம்.

தானாக ஓட வைத்தல்

குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரான் என்ற நிரலின் அட்டவணையில் ஒரு வரி போதும்: நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை, அதன் பின் கட்டளை. டெர்மினலில் ஓடிய ஸ்கிரிப்ட் க்ரானில் ஓடாமல் போவதற்கு வழக்கமான காரணம், க்ரான் கொடுக்கும் பாத் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகச் சிறியது என்பதே. நிரல்களையும் முழுப்பாதையோடு எழுதினால் தொல்லை தீரும். அந்த வரியில் விழுக்காட்டுக் குறி வந்தால் க்ரான் அதைப் புதுவரியாக எடுத்துக்கொள்ளும். தேதியை அந்த வரியிலேயே வடிவமைக்க முயன்று பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அத்தகையவற்றை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிடுங்கள். அட்டவணையைக் கையாளும் க்ரான்டேப் கட்டளையில், திருத்துவதற்கு இ தேர்வு, முழுதாக நீக்குவதற்கு ஆர் தேர்வு. விசைப்பலகையில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன, ஆர் தேர்வு பொதுவாக எதையும் கேட்காமல் நீக்கிவிடும். இரவில் அணைக்கப்படும் கணினியாக இருந்தால், க்ரானுக்கு மாற்றான சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட் என்ற அமைப்பை இயக்கினால், தவறிய ஓட்டத்தைக் கணினி எழுந்தவுடன் ஓட்டும்.

நீக்கிய ஒவ்வொரு கோப்பின் பாதை, அளவு, தேதி ஆகியவற்றைப் பதிவுக்கோப்பில் எழுதுங்கள். அந்தப் பதிவுக்கோப்பு வளர்ந்துகொண்டே போகாதபடி, பழையவற்றை ஒதுக்கும் லாக்ரொட்டேட் நிரலிடம் ஒப்படையுங்கள். ஒவ்வொரு வெற்றிகரமான ஓட்டத்தின் முடிவிலும் ஒரு கோப்பை டச் செய்து, அது 26 மணி நேரத்துக்கு மேல் பழையதானால் எச்சரிக்கை வரும்படி கண்காணிப்பில் சேருங்கள். ஓடாமல் நின்றுபோன ஸ்கிரிப்ட் பிழைச்செய்தி அனுப்புவதில்லை.

நீக்கிய பிறகும் இடம் கூடவில்லையென்றால், ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கலாம். அது மூடும்வரை வட்டு விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு +எல்1 கொடுத்தால் அத்தகைய கோப்புகள் தெரியும். இடம் இருந்தும் எழுத முடியவில்லையென்றால், டிஎஃப் கட்டளையை ஐ தேர்வோடு ஓட்டிப் பாருங்கள். லட்சக்கணக்கான சிறு கோப்புகளால் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய குறிப்பு இடங்கள்) தீர்ந்திருக்கக்கூடும்.

விண்டோஸில் பவர்ஷெல்லின் கெட்-சைல்ட்ஐட்டம், ரிமூவ்-ஐட்டம் இரண்டையும் இணைத்து இதே வேலையைச் செய்யலாம். வாட்இஃப் என்ற தேர்வு எதையும் நீக்காமல் பட்டியலை மட்டும் காட்டும். அமேசானின் எஸ்3 போன்ற மேகச் சேமிப்பில் ஸ்கிரிப்டே வேண்டாம், இத்தனை நாளில் நீக்கு என்று சொல்லும் வாழ்க்கைச்சுழற்சி விதி ஒன்றை அமைத்தால் போதும். ஆனால் கோப்பின் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் பதிப்புக்காப்பு இயங்கும் இடத்தில், அந்த விதி நீக்கப்பட்டதற்கான அடையாளத்தை மட்டும் இடும். பழைய பதிப்பு கிடந்து கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். பழைய பதிப்புகளுக்கும், பாதியில் நின்ற பலபகுதிப் பதிவேற்றங்களுக்கும் தனித்தனி விதிகள் வேண்டும்.

எல்லாம் தயாரானதும் ஒரு வாரம் பட்டியலோடு மட்டும் ஓட்டுங்கள். அடுத்த இரண்டு வாரம் இடைக்கிடங்குக்கு நகர்த்துவதோடு நிறுத்துங்கள். அந்த நாட்களில் ஒருமுறையாவது, இடைக்கிடங்கிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, அதன் பழைய இடத்தில் வைத்து, பதிவையும் திருத்தி, பயனரின் கணக்கில் அது மீண்டும் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்த பிறகே கடைசி நீக்கத்தை இயக்குங்கள்.